இரட்டைக் கோடு

“வெளக்கு வைக்கதுக்குள்ள நடை ஏறாதவன்…” என்று மாமா ஆரம்பிப்பார். அதற்கப்புறம் என்ன சொல்லுவார் என்பது நான்கு நாளாக உலகநாதனுக்குப் பிடிபடவில்லை. என் வீட்டு ஆளே இல்லடே என்பாரா, எங்கிட்டச் சோறு கேக்கப்பிடாது என்பாரா, இல்லை பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொள்வாரா. மிதிக்கிற கால் ஒரு சுற்று வரும்போது பேச்சின் முன்பாதி வருகிறது. அடுத்த சுற்றில் பின்பாதி வரவேண்டும், வருவதில்லை, மறுபடி முன்பாதியே வருகிறது, தேய்ந்த பல்லில் செயின் உட்காராமல் வழுக்கி வழுக்கி விழுகிற மாதிரி. நடை ஏறாதவன், நடை ஏறாதவன். மாமா செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்குகிற இந்த மலைப் பள்ளத்தாக்கில் வந்து அவர் பேச்சு எதற்குக் காலைக் கட்டுகிறது. பழைய ரயில் பாதை இது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், கட்டைகளும் போயின, ரயில் போன தடத்தில் வழவழவென்று தார் போட்டுச் சைக்கிளுக்கு மட்டும் என்று விட்டுவிட்டார்கள். கார் கிடையாது, லாரி கிடையாது, குறுக்கே பாய ஒரு ஆடுகூடக் கிடையாது. ரயிலுக்காக வெட்டிய சரிவு ஆகையால் ஏற்றமும் சாது, இறக்கமும் சாது. இடதுபக்கம் கீழே ஃபெல்லா ஆறு போகிறது என்பது அவனுக்குச் சத்தத்தில் தெரிகிறது. வெள்ளைக் கூழாங்கல் படுகையில் மயில்துத்தம் கரைத்த நீல நிறத்தில் போகும். எல்லைக்கு அந்தப்பக்கம் வில்லாக்கில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்த்த ஆறுதான். இப்போது பார்க்கவேண்டுமென்றால் தலையை முழுக்கத் திருப்பவேண்டும்; திருப்பினால் பாதை காணாமல் போய்விடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அவன் பாதையை வைத்துக்கொண்டான். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்துக்குள் மனைவி கோமதியின் சிவப்பு ஹெல்மெட், அதற்கப்பால் மகள் வடிவின் மஞ்சள் பை. இரண்டும் வட்டத்துக்குள் இருக்கிறவரைக்கும் ஒன்றுமில்லை. பழைய ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது, இப்போது காப்பிக்கடை, அதுவரைக்கும் பதினாறு கிலோமீட்டர். நடுவில் ஐந்து குகை. நான்கு சின்னது, நேரானது. ஐந்தாவது நீளம், அதுவும் வளைவு. அந்த ஐந்தாவதை அவன் மூன்று ராத்திரியாக வரைபடத்தில் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தான். இன்று காலையில் ‘முட்டி பிடிச்சிருக்கு, அந்தத் துண்டு மட்டும் பஸ்ஸுல போயிருவமா’ என்று கேட்டும் பார்த்தான். கோமதி சிரித்தாள்.

களைப்பாக இருந்தது. மூன்று நாள் மிதித்த களைப்பு என்றால் தொடையில் இருக்கும், சீட்டில் அழுந்திய இடத்தில் இருக்கும், படுக்கும்போது தைலம் தேய்த்தால் காலையில் பாதி போயிருக்கும். இது அப்படிப் போகிற களைப்பு இல்லை. மேஜையிலிருக்கிற தண்ணீர்க் குவளையைத் தட்டாமல் எடுப்பது, படி இருக்கிறதா என்று ஷூ முனையால் தடவிவிட்டுச் சும்மா நிற்கிறவன்போல நிற்பது, சாயங்காலம் ஹோட்டலில் அழகுக்காக விளக்கைத் தணித்து வைத்திருக்கும்போது கோமதியின் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பது, யாரோ குலுக்க நீட்டிய கையைப் பார்க்காமல் போய்விட்டு ‘ஏதோ யோசனை’ என்று சமாளிப்பது. யோசனைக்காரன் என்று பேரே வாங்கியாகிவிட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஆறேகால் மணி இருக்கும், ஸ்கூட்டரில் போனவன் நின்றுகொண்டிருந்த தள்ளுவண்டியில் நேரே போய் ஏறினான். கொய்யாப்பழ வண்டி. பழக்காரர் திட்டக்கூட இல்லை. ‘ஓடுத வண்டின்னா சரி, நிக்குத வண்டியில எப்படி சார் வந்து முட்டுதிய’ என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்போலக் கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்கெங்கோ வெளிச்சப்புள்ளி வரும், வந்ததும் கையிலிருக்கிற பட்டனை அமுக்கவேண்டும். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் கெட்டுப்போயிற்று, வெளியே இருக்கிற பெண் கவனிக்கவில்லை, சொன்னால் சங்கடப்படுவாள் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தான். மிஷின் கெடவில்லை. ‘உங்க ஃபீல்டு பத்து டிகிரிதான் சார் மிச்சம் இருக்கு’ என்றாள் டாக்டரம்மா, சின்ன வயசு, வடிவைவிட ஏழெட்டு வயசு கூட இருந்தால் அதிகம். ஃபீல்டு என்றதும் அவனுக்கு வயல்தான் வந்தது. எட்டாவது வரை தமிழில் படித்து ஒன்பதாவதில் இங்கிலீஷுக்கு மாறியவனுக்கு எந்த வார்த்தையும் ஒற்றையாக வராது, இரட்டையாகத்தான் வரும். ரிப்போர்ட்டின் தமிழ்ப் பக்கத்தில் பார்வைப்புலம் என்று போட்டிருந்தது. புலம் என்றால் கண், காது, மூக்கு. புலம் என்றால் நிலமும்தான். வில்லாக்கில் பொங்கல் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, புலம்பெயர்ந்து வந்திருக்கும் நாம் என்று ஆரம்பித்தபோது அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான். அப்போது பெயர்ந்தது, இப்போது சுருங்குகிறது. ‘சொந்தத்துலயா சார் கல்யாணம்?’ என்று கேட்டாள் டாக்டரம்மா. மாமா பொண்ணு என்றான். ‘உங்க அப்பா அம்மாவும்?’ அவங்களும் சொந்தம்தான், அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். வேற்றில் கட்டியிருந்தால் நடுவே ஒற்றைக் கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. மேலே ஒரு இரட்டைக் கோடு போட்டாள், கீழே ஒன்று போட்டாள். அவனுடைய சதுரத்தை முழுக்கக் கறுப்பாக்கினாள். பிறகு பேனாவை நிறுத்தி, ‘உங்க மாமனாருக்கு இருட்டினா கண்ணு தெரியுமா சார்?’ என்றாள். தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தவன், தெரியாது என்றான். விளக்கு வைப்பதற்கு முன்னால், ஆறு மணிக்கெல்லாம், மாமா நடை ஏறிவிடுவது எதற்கு என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. டாக்டரம்மா மாமாவின் சதுரத்தையும் கறுப்பாக்கினாள், கோமதியின் வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினாள், ‘உங்க மிஸஸுக்கு ஒண்ணும் வராது, ஆனா அவங்க வழியாவும் வரலாம்’ என்றாள். வடிவின் வட்டத்தை வெறுமனே விட்டு நடுவில் ஒரு கேள்விக்குறி. ‘பாதிக்குப் பாதி. இந்த வயசுல இருந்தாலும் அவங்களுக்கே தெரியாது சார், எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. கூட்டிட்டு வாங்க.’ வீட்டுக்கு வந்து பவர் கூடியிருக்கு என்றான். கண்ணாடி மாற்றினான். தாளை வருமானவரி ஃபைலுக்குள் வைத்தான். இப்போது ஜூலை. ஊர் திரும்பிய மறுவாரம், பதினெட்டாம் தேதி, வடிவுக்கு டிரைவிங் டெஸ்ட்.

பதினெட்டு. பைபாஸில் மணல் லாரி வரும். எதிர்விளக்கு இல்லாமல் டிராக்டர் வரும். இங்கே வந்தால் நாலு நாள் அந்த நினைப்பு இருக்காது என்று நினைத்தான், வண்டி இல்லாத பாதையில் வண்டியைப் பற்றி என்ன நினைப்பு என்று. வண்டி இல்லாத பாதையில்தான் எல்லா வண்டியும் ஓடுகிறது. முதல் குகை வந்தது. அந்தப்பக்கத்து வாய் வெள்ளிக்காசு மாதிரித் தெரிந்தது, காசைப் பார்த்தே மிதித்தான், தாண்டிவிட்டான். இரண்டாவதும் அப்படியே. இரும்புப் பாலம் ஒன்றில் சக்கரம் ஏறியதும் அடிச்சத்தம் மாறியது, எங்கேயோ வெகு கீழே தண்ணீர். திடீரென்று மணிச்சத்தம், காதை ஒட்டி. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு தாத்தாவும் பாட்டியும் மோட்டார் சைக்கிள்களில், மோட்டார் வைத்த சைக்கிள்களில், முளைத்து முன்னால் போனார்கள். வந்தது இல்லை, முளைத்ததுதான். இப்போதெல்லாம் மனிதர்கள் அவனுக்கு வருவதில்லை, முளைக்கிறார்கள். ஹேண்டில் ஒரு துடி துடித்து நேரானது. முன்னால் கோமதி காலை ஊன்றி நின்றிருந்தாள். ‘ஏட்டி வடிவு, நில்லு. ஒங்கப்பா இன்னும் ஆஸ்திரியாவுலதான் வந்துக்கிட்டு இருக்காக.’ ‘அப்பாவுக்கு விசா பிரச்சினையா இருக்கும்மா’ என்றது மஞ்சள் பை. பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டிக்குள் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துத் தின்றார்கள். வடிவு வில்லாக்கில் பிறந்தவள், பதின்மூன்று வயதில் ஊர் திரும்பும்வரை அங்கேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வடிவு வாயில் வராமல் வாடி வாடி என்று கூப்பிட்டார்கள். கோமதி முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு, எம்பிள்ளைய வாடி போடிங்காளுவ என்று டீச்சரிடமே போய் நின்றாள். அந்தக் கதையை வடிவு இப்போது மறுபடி நடித்துக் காட்டினாள், அம்மாவின் ஜெர்மனோடு. உலகநாதன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் கண்ணைப் பார்த்தான். கண்ணில் என்ன தெரியும். ரொட்டித் துண்டை அவள் பக்கவாட்டில் நீட்டிப் பார்க்கலாமா, தலையைத் திருப்பாமல் வாங்குகிறாளா என்று. நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பினாளா திருப்பவில்லையா என்பதை அவன் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ‘அத்தான், நீங்க நடுவுல வாங்களேன், ஏன் எப்பப் பாத்தாலும் கடைசியில’ என்றாள் கோமதி. ‘யாராவது விழுந்தாப் பொறுக்க ஆள் வேணும்லா.’ ‘பொறுக்குவிய. நாங்க விழுந்தா எங்க மேலயே ஏத்திட்டுப் போயிருவிய, கொய்யாப்பழக்காரன்ட்ட கேட்டாச் சொல்லுவான்.’ வடிவு சிரித்துப் புரையேறினாள். அந்தச் சிரிப்புக்குள் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தக் கொய்யாப்பழ வண்டி இருக்குல்லா, அது என்னன்னா, என்று. இவ்வளவு எளிதாக வாசல் இனி எப்போது திறக்கும். ஊறுகாய் டப்பாவை மூடினான்.

சொன்னால் என்ன ஆகும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. தன் கண்ணைப் பற்றிச் சொன்னால் கோமதி அழுவாள், பிறகு ஏதாவது செய்வாள், அவள் அப்படித்தான், வீட்டில் பல்பை மாற்றுவாள், நாற்காலியைச் சுவரோரம் நகர்த்துவாள். அது பரவாயில்லை. ஆனால் அதை மட்டும் சொல்ல வழியில்லை. ஒரு சதுரத்தைச் சொன்னால் கோடு பிடித்துக்கொண்டு மற்றது வரும். ஒங்கப்பாவுக்கு மாலைக்கண்ணு, கோமு. தாலுகா ஆபீஸில் மாமா, தெய்வநாயகம் பிள்ளை, எழுந்தால் கடிகாரம் பார்க்கவேண்டாம், மணி ஐந்து. ஆறு மணிக்கு மேல் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலில் இருக்கமாட்டார். சீட்டாட்டம் இல்லை, இரண்டாம் ஆட்டம் சினிமா இல்லை, இழவு வீட்டுக்குக்கூடப் பகலில்தான் போவார். என்ன ஒழுங்கு என்று நான்கு தெரு பேசியது. அந்த ஒழுங்கைச் சொல்லித்தான் கோமதி வடிவை வளர்க்கிறாள், எங்கப்பா மாதிரி இருக்கணும் என்று. ஒழுங்கு இல்லை கோமு, பயம். இதை எப்படிச் சொல்வது. மாமாவுக்கே தெரியுமா, தெரியாதா. கண் தெரியவில்லை என்பது தெரியும். அது ரத்தத்தில் வருகிறது என்பது தெரியாது. தெரியாமல்தான் தங்கச்சி மகனுக்கே பெண்ணைக் கொடுத்தார். தெரிந்திருந்தால்? தெரியாது. ஆனால் தெரியாது என்பதை யார் பார்த்தது. அவர் எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்தவர், நாற்பது வருஷம் ஒரு தெருவையே ஏமாற்றியவர், இதையும் மறைத்திருந்தால்? இல்லை, அவர் அப்படிச் செய்யமாட்டார். நீ செய்கிறாயே. பிப்ரவரியிலிருந்து. இந்த இடத்துக்கு வந்ததும் எண்ணம் சக்கரக் கம்பியில் துணி மாட்டின மாதிரிச் சிக்கிக்கொண்டது, எத்தனை சுற்றினாலும் அதே இடம். மூன்றாவது குகையும் நான்காவதும் எப்போது போயின என்று தெரியவில்லை. ஒருதரம், அவனுக்குப் பத்து வயசு இருக்கும், மாமாவும் அவனும் செங்கோட்டையிலிருந்து கொல்லம் ரயிலில் போனார்கள். ஆரியங்காவுக் குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டி இருண்டது, பிள்ளைகள் ஓவென்று கத்தின, பெண்கள் நகையைப் பொத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் கடகடவென்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. ‘இப்ப எல்லாருக்கும் ஒரே கண்ணுதாம்டே’ என்றார் இருட்டுக்குள். நல்ல வேடிக்கை என்று அவனும் சேர்ந்து சிரித்தான். எத்தனை களைப்பாக இருந்திருக்கும் அந்த மனிதருக்கு. அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு ஓய்வு.

ஐந்தாவது குகையின் வாசலில் பலகை இருந்தது: நீளம் மீட்டரில், பக்கத்தில் விளக்கு எரிகிற மாதிரி ஒரு படம். வாயிலிருந்து குளிர் வெளியே வந்து முழங்காலில் பட்டது. அந்தப்பக்கத்துக் காசு தெரியவில்லை. உலகநாதன் முன்விளக்கைப் போட்டான், அது தனக்கு ஒன்றும் காட்டாது என்று தெரிந்தும். கோமதியின் பின்விளக்கைக் காலையிலேயே துடைத்து இறுக்கி வைத்திருந்தான். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டால் போதும், அது வலமானால் வலம், இடமானால் இடம். நுழைந்தார்கள். பத்து மிதி மிதிப்பதற்குள் உலகம் போய்விட்டது. சிவப்புப் புள்ளி இருந்தது, மேலே எங்கேயோ ஒரு விளக்கு கடுகளவு மிதந்து பின்னால் போயிற்று, மற்றபடி டயர் ஈரத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம், கூரையிலிருந்து சொட்டு, தன்னுடைய மூச்சு. சுவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. எதிரே யாராவது வந்தால். அந்தத் தாத்தா பாட்டி திரும்பி வந்தால். மெதுவாகப் போ, அவர்கள் மெதுவாகப் போகிறார்கள், நீ மிதிக்கவேண்டாம், இறக்கம்தான், சும்மா உட்கார். சிவப்புப் புள்ளி சட்டென்று பெரிதானது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தான், முன்சக்கரம் எதன்மீதோ மெல்ல இடித்து நின்றது. ‘என்னட்டி, ஏன் நின்னுட்டே’ என்று கோமதியின் குரல் சுவரில் பட்டு இரண்டாக வந்தது. ‘ஒண்ணுமில்லம்மா. நீ முன்னால போயேன்’ என்றாள் வடிவு. ‘ஏன்?’ ‘சும்மாதான். போர்டுல லைட்டு இருக்குன்னு படம் போட்டிருந்துச்சே, ஒண்ணுமே எரியலயே.’ ‘எரியாம என்ன, மேல வரிசையா எரியுதுல்லா. கூலிங் கிளாஸைக் கழத்து.’ ‘கழத்திட்டேன்.’ ‘பாரு, அந்த வளைவு வரைக்கும் தெரியுது.’ கொஞ்சநேரம் சொட்டுச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு வடிவு, ‘ஓ. ஆமா’ என்றாள். அந்த ஆமாவை உலகநாதனுக்குத் தெரியும். மொட்டைமாடியில் கூட்டாளிகள் விரலை நீட்டி அதோ அந்த மூணு நட்சத்திரம் என்றபோது அவன் சொன்ன ஆமா அது. சற்று நேரம் கழித்து வரும், பார்த்துக் கண்டுபிடித்தவனுக்கு ஆகிற நேரம் ஆகட்டும் என்று காத்திருந்துவிட்டு வரும். இல்லை, வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தால் யாருக்கும் அப்படித்தான், கண் பழகக் கொஞ்சம் ஆகும், கோமதிக்குப் பழகிவிட்டது, வடிவுக்கு இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான், பாதிக்குப் பாதி என்றால் இன்னொரு பாதியும் இருக்கிறதே. சைக்கிள்கள் இடம் மாறுகிற சத்தம் கேட்டது. கோமதி முன்னால் போனாள். சிவப்புப் புள்ளி இப்போது வடிவுடையது, அது நேராகப் போகவில்லை, சுவரை நோக்கிச் சாய்ந்து திரும்பிச் சாய்ந்து போயிற்று. ‘ம்மா.’ ‘என்னட்டி?’ ‘ஏதாவது பேசிக்கிட்டே போயேன்.’ ‘என்னத்தப் பேச?’ ‘என்னவாவது. இட்லிக்கு அரைக்கறதச் சொல்லு.’ கோமதி சிரித்துக்கொண்டே அரிசி நாலு உளுந்து ஒண்ணு என்று ஆரம்பித்தாள், ஒலி முன்னால் போகப் போகச் சிவப்புப் புள்ளி ஒலியின் பின்னாலேயே நேராகப் போயிற்று. கோயிலிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது மாமா அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஏதாச்சும் பாடம் ஒப்பிச்சுக்கிட்டே வாடே மருமவனே என்பார். அவனும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வருவான். மருமகன்மேல் என்ன பிரியம் என்பார்கள். யாரும் வடிவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள், இப்போதா, எத்தனையோ நாளைக்கு முன்பா, எந்த மாடிப்படியில், எந்த ஹாஸ்டல் வராந்தாவில், தனியாக. வெந்தயம் ஒரு கை, ராத்திரியே ஊறப்போட்டுறணும் என்றது கோமதியின் குரல். சுவர் சாம்பல் நிறமாயிற்று, பிறகு கல் கல்லாகப் பிரிந்தது, வளைவு முடிந்து வெளிச்சம் வட்டமாக வந்து குகை வாயெல்லாம் நிறைந்தது. வெளியே வந்து வடிவு கண்ணைக் கசக்கிக்கொண்டு, ‘செம குளிர், இல்லப்பா?’ என்றாள். ஸ்டேஷனுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. உலகநாதன் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தான். ஸ்டேஷன் வரை போகாமல், இங்கேயே, இரண்டு பேரையும் உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னது முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.